சந்தேகத்தை மனப்பாடம் செய்தவர்கள்

இறக்கத்தில் நடக்கும்போது கால் தானாகவே வேகம் எடுத்துக்கொள்கிறது. பையின் பட்டை தோளை அறுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் நின்று, மேலே இருந்து யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்டேன். கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது என்று பயம். யாரும் கூப்பிடவில்லை என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கும் சாலை அது. மதியம் ஆகியிருந்தது. தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்த குரங்குகள், அருவி பார்க்கப் போகும் வண்டிகளுக்காகக் காத்திருந்தன. நான் கடந்துபோனபோது ஒன்றுகூட நகரவில்லை. கையில் தின்பண்டம் இல்லாத ஆளை அவற்றுக்குத் தெரியும்.

இப்படிப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூர்ப் பக்கம் கோழிப்பண்ணை, பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் கொட்டகை, பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. எங்கேயும் யாரும் என்னைப் போகச் சொன்னதில்லை. சொல்லப்போகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு முந்திவிடுவேன். பல இடங்களில் சாப்பாடு சரியில்லை, சில இடங்களில் தூங்க இடம் இல்லை. அதனால் விட்டுப் போவதில் பெரிய வருத்தம் இருந்ததில்லை. இந்த முறை அப்படி இல்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, இருக்க வேண்டும் என்று நானே விரும்பிய இடத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன்.

அது ஒரு படிப்பு. லிபரல் ஆர்ட்ஸ் என்று பெயர். கள்ளக்குறிச்சியில் யாரிடம் சொன்னாலும், “இன்னாப்பா அது, படம் வரையறதா?” என்று கேட்டார்கள். வரலாறு, இலக்கியம், கணக்கு, நாடகம், மண், தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பது என்று விளக்கினால், “எல்லாத்தையும் படிச்சுட்டு இன்னா வேலைக்குப் போவ?” என்பார்கள். எனக்கும் அதற்குப் பதில் தெரியாது. மலைமேல், சாலையோரத்தில், பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்றில் ஓர் அறக்கட்டளை அதை நடத்தியது. முதல் வருடம் அங்கே. அதன் பிறகு சமவெளியில் இருக்கும் ஒரு பெரிய கல்லூரியில் சேர்ந்து பட்டத்தை முடிக்கலாம். நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். பிளஸ் டூவைத் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. பெரிய கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். நான் தொடரலாமா வேண்டாமா என்பதை அவர்தான் சொல்வார். மற்றவர்கள் எல்லோரும் பிளஸ் டூ முடித்த பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். தொங்கிக்கொண்டிருந்தது என் இடம் மட்டும்தான்.

வகுப்பு எப்படி நடக்கும் என்பதைச் சொன்னால்தான் நடந்தது புரியும்.

பெஞ்சு கிடையாது, மேடை கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, அதில் ஒன்றில், பாடம் எடுக்கும் மேடமும் உட்காருவார். ஒரே ஒரு கேள்வியைப் போடுவார். பிறகு பேசமாட்டார். நாங்கள்தான் பேச வேண்டும். ஒருவர் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர் சந்தேகம் கேட்க வேண்டும், இன்னொருவர் மறுக்க வேண்டும். யாரும் பேசவில்லை என்றால் மேடம் காத்திருப்பார். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருப்பார். யாராவது வரவில்லை என்றால் அவர் நாற்காலியை எடுக்கக் கூடாது. காலியாக அங்கேயே இருக்கும்.

முதல் நாள் கேள்வி போட்டதும் விழுந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு பையனின் வயிறு சத்தம் போட்டது. ஓட்டின் மேல் அணில் ஓடியது. நாங்கள் எல்லோரும் வகுப்பில் வாயைத் திறந்தால் முட்டிபோட வைத்த பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். பேசு என்று ஒருவர் காத்திருந்தால் அது தண்டனை மாதிரிதான் இருந்தது. எல்லோரும் என்னையே பார்ப்பதாக ஓர் எண்ணம். தலையைத் தூக்கிப் பார்த்தால் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மற்ற வகுப்புகள் எனக்குப் பிடித்தன. கணக்கு வகுப்பில் மரத்தின் நிழலை அளந்து மரத்தின் உயரத்தைச் சொன்னோம். இன்னொரு நாள் அவரவர் தெருவை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். மற்றவர்கள் கோயில், குளம், ரேஷன் கடை என்று வரைந்தார்கள். நான் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு நினைவில் இருந்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டுகள்தான். அதையே வரைந்தேன். எந்த ஊரில் குடிதண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், எந்தப் பக்கம் படுத்தால் போலீஸ்காரர் எழுப்பமாட்டார் என்று. மேடம் அதைச் சுவரில் ஒட்டினார். ஒட்டிய பிறகு அந்தப் பக்கம் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

வட்டத்தின் அமைதிக்கு ஒரு வழி கண்டுபிடித்தவன் திருக்கோவிலூரிலிருந்து வந்த பையன். பள்ளியில் முதல் மதிப்பெண் எடுத்தவன். எதைக் கொடுத்தாலும் மனப்பாடம் செய்துவிடுவான். மேடம் மறுநாள் கேள்வியை முந்தின நாளே பலகையில் எழுதிவிடுவார், யோசித்துக்கொண்டு வரட்டும் என்று. அவன் அதைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்து தட்டுக் கழுவும் தொட்டியைச் சுற்றி நாங்கள் நிற்கும்போது பங்கு பிரித்தான்.

“நீ கருத்து. நீ ஒரு சந்தேகம் கேளு. நீ உதாரணம் குடு. நீ மறுத்துடு. கடைசியா நான் ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குதுன்னு முடிச்சுடறேன்.”

எல்லோருக்கும் நிம்மதி. தேர்வுக்கு விடையைப் படிப்பதுபோல, சந்தேகத்தைப் படிக்க ஆரம்பித்தோம். காலையில் குளிக்கும் இடத்தில் அவரவர் வரியை முணுமுணுத்துக்கொண்டிருப்போம். அவன் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்பான்.

“டேய், சந்தேகத்த ஒழுங்கா படிச்சியா?”

“படிச்சுட்டேன்டா.”

“சொல்லு.”

“எதை வைத்து இப்படிச் சொல்கிறீர்கள்?”

“சந்தேகம் வர்ற மாதிரி சொல்றா. ரேஷன் கடையில பேரு கூப்புடற மாதிரி சொல்ற.”

என்னிடம் மட்டும் மரியாதை. “அண்ணா, நீங்க மறுத்துடுங்க. உங்க மூஞ்சிக்கு மறுக்கறதுதான் பொருத்தமா இருக்குது. ஒரே வரிதான், பயப்படாதீங்க.”

அதிலிருந்து மறுப்பவன் வேலை எனக்கு நிலைத்துவிட்டது. எதை மறுக்கிறேன் என்பதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. என் முறை வரும்போது, “இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன்” என்பேன். எழுதிக் கொடுத்த காரணத்தைச் சொல்வேன். உட்காருவேன் என்று சொல்லக் கூடாது, ஏனென்றால் எழுந்து நிற்கவே கூடாது என்பது அங்கே விதி. ஆனாலும் நான் பலமுறை எழுந்து நின்றிருக்கிறேன்.

மேடத்துக்கு ஒரே மகிழ்ச்சி. இவ்வளவு சீக்கிரத்தில் ஒரு வட்டம் இப்படி உயிரோடு பேசி அவர் பார்த்ததில்லையாம். அவர் அப்படிச் சொன்ன அன்றைக்கு எங்களில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாளும் தொட்டியைச் சுற்றிக் கூடினோம். அமைதிக்குப் பயந்தவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த வாரத்தின் கடைசியில் பெரிய கல்லூரிக்காரர் வருவதாகச் சொன்னார்கள். பலகையில் கேள்வி வந்தது: ஒரு ஊரைப் பற்றிச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

அதைப் படித்துவிட்டுப் பலகையை விட்டுத் தள்ளிப் போய் நின்றேன். என் வூடு கருணாபுரத்தில். ஊரைச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு நொடி நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு பேசுவார்கள். அதனால் கள்ளக்குறிச்சி என்றுதான் சொல்லிவைத்திருந்தேன். வட்டத்தில் அது வெளியே வந்துவிடுமோ என்று இருந்தது. திருக்கோவிலூர்க்காரன் எனக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்ததும்தான் மூச்சு வந்தது. எழுதிக் கொடுத்த வரிக்குள் என் ஊர் இல்லை.

இந்த முறை கருத்துச் சொல்ல வேண்டியவள் கரியாலூர்ப் பெண். மலைக்காரி, எங்களில் அவள் குரல்தான் பெரியது. “வெளியாள்தான் ஒரு ஊரைத் தெளிவாகப் பார்க்க முடியும்” என்பது அவள் வரி. நான் அதை மறுக்க வேண்டும். எல்லாம் எனக்காகவே ஏற்பாடு. அவள் கருத்துச் சொன்ன பிறகு இரண்டு பேர் சந்தேகம் கேட்பார்கள், பிறகு நான், என் பேச்சுதான் நடுவில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அவன் திட்டம் போட்டிருந்தான்.

அவள் முந்தின நாள் அம்மாவின் கண்ணை டாக்டரிடம் காட்டுவதற்காக அவரைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போயிருந்தாள். காலை பஸ்ஸில் வந்துவிடுவேன் என்றாள். பஸ் வரவில்லை.

பெரிய கல்லூரிக்காரர் வந்தார். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசும் மனிதர். எங்களைப் போலவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வட்டத்தில் தலைப்பக்கம் என்று ஒன்று இல்லாததால் எந்தப் பக்கம் பார்த்து வணக்கம் சொல்வது என்று தெரியாமல் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துச் சொன்னோம். கரியாலூர்ப் பெண்ணின் நாற்காலி காலியாக இருந்தது.

மேடம் கேள்வியைப் போட்டுவிட்டு நிறுத்தினார்.

அமைதி. எல்லோர் கண்ணும் காலி நாற்காலியைப் பார்த்தது. திருக்கோவிலூர்க்காரன் பக்கத்தில் இருந்தவளுக்கு, நீ சொல்லு என்று கண்ணைக் காட்டினான். பேசாதே என்று சொல்கிறான் என நினைத்து அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். ஆளுக்கு ஒரு வரிதான் மனப்பாடம். அடுத்தவர் வரி யாருக்கும் தெரியாது. ஓட்டின் மேல் அணில் ஓடியது. வந்தவரின் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. முதல் நாள் அமைதி திரும்பி வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டது.

யாரும் பேசாமல் இது முடிந்தால் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது, போகப்போவது என் இடம்தான் என்ற ஒரே எண்ணம். வாயைத் திறந்தேன். வாயில் இருந்தது ஒரே வரி.

“இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன்.”

மேடம் என்னைப் பார்த்தார். “எந்தக் கருத்தை?”

“வெளியாள்தான் ஒரு ஊரைத் தெளிவாகப் பார்க்க முடியும் என்ற கருத்தை.”

“அதை யார் சொன்னாங்க?”

பொய் ஒன்றும் வரவில்லை. காலி நாற்காலியைக் காட்டினேன். “சொல்ல வேண்டியவங்க இன்னும் வரல மேடம்.”

யாரோ மூக்கால் சிரித்தார்கள். ஒரு பெண் பயத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் அன்றைய வகுப்பைப் பார்க்கவில்லை. வருடத்தின் தொடக்கத்திலிருந்து நடந்த எல்லா வட்டங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அவருக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “டீ குடிச்சுட்டு வரலாம்” என்று மட்டும் சொன்னார்.

வெளியே திருக்கோவிலூர்க்காரன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“உங்களுக்காகத்தானேண்ணா இவ்ளோவும் பண்ணோம். ஒரே ஒரு வரி. அதையும் காத்துக்கிட்ட பேசிட்டீங்களே.”

“அண்ணன் பேய்கிட்ட சண்ட போட்டாருடா,” என்றான் இன்னொருவன்.

“சிரிக்காதடா. இனிமே மேடம் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வந்தவரும் மேடமும் தலையைச் சாய்த்துத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ஏதோ சொல்ல, மேடம் தலையை ஆட்டினார். அந்த மாதிரித் தலையாட்டலை நான் பல மேஸ்திரிகளிடம் பார்த்திருக்கிறேன். தங்கும் அறைக்குப் போய்ப் பையை எடுத்தேன். டீ ஆறுவதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டேன்.

பாதி மலை இறங்கியிருப்பேன். எதிரில் ஒரு பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாக ஏறி வந்தாள். கரியாலூர்ப் பெண்தான். முகமெல்லாம் வேர்வை.

“பஸ்ஸு கீழ வளைவுல நின்னுபோச்சுண்ணா. அம்மாவ பஸ்ஸுலயே உக்கார வச்சுட்டு நடந்தே வந்துகினு இருக்கேன். முடிஞ்சுடுச்சா? ஆமா, பையத் தூக்கினு எங்க கெளம்பிட்ட?”

நடந்ததைச் சொன்னேன். நான் காலி நாற்காலியைக் காட்டிய இடத்தில் அவள் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினாள்.

“போகச் சொன்னாங்களா?”

“இல்ல.”

“சொல்லப் போறாங்கன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்போ உனக்கு நீயே டி.சி. குடுத்துக்கினியா?”

அவள் செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டாள்.

“எனக்கு அந்த வரியே புடிக்கலண்ணா. அவன் எழுதிக் குடுத்தான்னு படிச்சேன். எங்க ஊருக்கு லீவு நாள்ல வர்றவங்க, வாசல்ல காயப் போட்ட சாமைய மிதிச்சுகினே போட்டோ எடுக்கறாங்க. அவங்களுக்குத்தான் எங்க ஊரு தெளிவா தெரியுதாம்.”

“அப்போ நீயே மறுக்க வேண்டியதுதானே?”

“அதுலயும் ஒண்ணு இருக்குது. முன்ன ஒரு அக்கா வந்தாங்க. எங்க வூட்டுலயே தங்கி, அம்மாவோட தண்ணி எடுக்கப் போனாங்க. எவ்ளோ தூரம், எத்தன நடன்னு கேட்டுகினே இருந்தாங்க. அதுவரைக்கும் எங்கம்மாவுக்கு அது ஒரு வேலைன்னே தெரியாது. அவங்க கேட்டதுக்கு அப்பால, ‘நான் இவ்ளோ நடக்கறனா’ன்னு அம்மாவே கேட்டுச்சு. வெளியாளு கேக்கலன்னா அது தெரிஞ்சிருக்காதுண்ணா.”

“அவங்க தங்குனாங்க. கூட நடந்தாங்க. எல்லாரும் அப்படியா வராங்க?” என் குரல் ஏறியது எனக்கே கேட்டது. “எங்க தெருவுக்கு வந்தவங்க தங்கல. மைக்க நீட்டி எங்க அம்மாகிட்ட எப்படி இருக்குதுன்னு கேட்டாங்க.”

“எந்தத் தெரு?”

சொல்லிவிட்டேன். “கருணாபுரம்.”

அவளும் ஒரு நொடி நிறுத்தினாள். ஆனால் முகத்தைத் திருப்பவில்லை.

எங்கள் தெருவில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் வரிசையாகச் செத்த நாளில் நான் ஓசூர்ப் பக்கம் இருந்தேன். டீக்கடை டிவியில் எங்கள் தெருவைக் காட்டினார்கள். ஒரே சட்டகத்தில் எங்கள் குழாயடியும் பக்கத்து வூட்டு வாசலும் வந்தன. வாசலில் கூட்டம். எனக்குத் தெரிந்தவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் டீ குடித்தவர், “எந்த ஊருப்பா இது?” என்று கேட்டார். தெரியாது என்றேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஊருக்குப் போய்ச்சேர எனக்கு நாளானது. போனபோது எல்லோரும் அதைப் பற்றி என்னிடம் சொன்னார்கள், வெளியாளிடம் சொல்வதுபோல.

இதை அவளிடம் சொன்னேன்.

“அப்போ நீ உள்ளாளா வெளியாளா?” என்றாள்.

“அது தெரிஞ்சாதான் மறுக்க முடியும்.”

“இத வட்டத்துல சொல்லியிருக்கலாம்.”

“எழுதிக் குடுக்கலையே.”

இந்த முறை இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவள் ஏற்றத்தைப் பார்த்தாள், நான் இறக்கத்தைப் பார்த்தேன். வா என்று அவள் கூப்பிடவில்லை. “நாளைக்கு வேலை வாரம் ஆரம்பிக்குது. உனக்கு மட்டுந்தான் இடம் முடிவாகல. யோசி,” என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள்.

வேலை வாரம் என்பது அந்தப் படிப்பில் இன்னொரு முறை. ஆளுக்கு ஒரு வேலையிடத்துக்குப் போய் ஒரு வாரம் வேலை செய்துவிட்டு வந்து வட்டத்தில் உட்கார வேண்டும். “பதிலோட வராதீங்க, ஒரு கேள்வியோட வாங்க” என்பார் மேடம். மற்றவர்கள் வங்கி, பால் பண்ணை, பத்திரிகை அலுவலகம் என்று பிடித்துவைத்திருந்தார்கள். நான் எந்த இடமும் சொல்லவில்லை. அவர்களுக்கு அது பாடம். எனக்கு அது நான் தப்பித்து வந்த வாழ்க்கை. அதில் கேட்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்து உட்கார வேண்டியிருக்குமோ என்ற கலக்கம் பல நாளாகவே இருந்தது.

கீழ் வளைவில் பஸ் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அதைத் தாண்டி, அணைக்கட்டுப் பக்கம் ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தேன். வூட்டுக்குப் போகவில்லை. அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நான் வரைந்த மூலையிலேயே உட்கார்ந்தேன்.

இருட்டுகிற நேரத்தில் கரியாலூர்ப் பெண் போன் செய்தாள்.

“அவரு சாப்டுட்டுக் கெளம்பிட்டாருண்ணா.”

“இன்னா சொன்னாரு?”

“உன்னப் பத்தி ஒண்ணும் முடிவா சொல்லல. வேலை வாரம் முடிஞ்சு எல்லாரும் வட்டத்துல உக்காரும்போது திரும்ப வராராம். அன்னிக்குப் பாத்துட்டு சொல்றேன்னாராம்.”

“மேடம்?”

“பலகையில கேள்வி எழுதறத நிறுத்திட்டாங்க. இனிமே அங்கயே உக்காந்துதான் கேப்பாங்களாம். அவன் அழுதுட்டான்ணா, திருக்கோவிலூரு. அப்பால மேடம்தான் அவனுக்குச் சோறு போட்டு உக்கார வச்சாங்க. உன் சேர எடுத்து அடுக்கப் போனாங்க. எடுக்காதீங்கன்னு மேடம் சொல்லிட்டாங்க.”

அது எனக்காகச் சொன்னதா, விதிக்காகச் சொன்னதா என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. சரியாகத் தூங்கவில்லை. திரும்பிப் போனால் எல்லோரும் பார்ப்பார்கள். போகாவிட்டால் அந்த நாற்காலி காலியாகவே இருக்கும், எத்தனை நாளைக்கு என்று தெரியாது. இரண்டில் எது பெரிய பயம் என்று புரண்டு புரண்டு பார்த்தேன்.

விடிந்ததும் கச்சிராயபாளையம் சாலையில் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். மரவள்ளிக் கிழங்கு வெட்டும் காலம். மலையிலிருந்து கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி மில்லுக்குக் கொண்டுபோக ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி என்னையும் பையையும் பார்த்தார்.

“மூட்ட தூக்குவியா?”

“தூக்குவேன்.”

“பையப் பாத்தா காலேஜு பையன் மாதிரி இருக்குது. வயசப் பாத்தா அப்படி இல்லியே.”

“படிக்கிறேன்.” அப்படி ஒருவரிடம் சொல்வது அதுதான் முதல் முறை.

“இன்னா படிப்பு?”

“லிபரல் ஆர்ட்ஸ்.”

“படம் வரையறதா?”

“ஆமாங்க,” என்றேன். விளக்க நேரம் இல்லை. “லோடு எந்தப் பக்கம்?”

“கரியாலூருக்கு மேல. ஒரு வாரம் வேலை இருக்கும். நடுவுல ஓடிப்போற ஆளுன்னா இப்பவே சொல்லிடு.”

ஓடமாட்டேன் என்றேன்.

லாரியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். அணைக்கட்டுத் தாண்டும்போது போனை எடுத்து மேடத்துக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். “மேடம், வேலை வாரத்துக்கு இடம் கெடச்சிடுச்சு. கெழங்கு லோடு. கரியாலூர்ப் பக்கம்.” அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. எங்கே போகிறேன் என்று நான் யாரிடமும் சொல்லிவிட்டுப் போனதில்லை. சொல்லும்போது எப்படி முடிப்பது என்று தெரியாமல், “வரேன் மேடம்” என்று சேர்த்து அனுப்பினேன். ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது விழுவதற்குள் லாரி வளைவில் ஏறியது, டவர் போய்விட்டது.

அந்த ஓட்டுக் கட்டடத்தைக் கடந்தபோது கேட் திறந்திருந்தது. உள்ளே யாரோ பெருக்கிக்கொண்டிருந்தார்கள். குனிந்து மறைந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. குனியவில்லை. யாரும் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

காட்டில் பெண்கள் செடியை அசைத்து அசைத்துக் கிழங்கைப் பிடுங்கி மண்ணைத் தட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அதை மூட்டையாக்கி லாரிவரை சுமப்பது எங்கள் வேலை. இந்த வேலையை இதற்கு முன்பும் செய்திருக்கிறேன். பிடுங்குபவர்களிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அவர்கள் எந்த ஊர், இந்த நிலம் யாருடையது, எதுவும் கேட்டதில்லை. குவியலுக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டேன்.

“இது உங்க காடாம்மா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பதில் சொல்லப்போகிறாரா, சொல்லலாமா என்று யோசிக்கிறாரா, தெரியவில்லை. நான் காத்திருந்தேன்.

“வேலைக்கு வந்தியா, பேச வந்தியா?” மேஸ்திரி பின்னாலிருந்து கத்தினார்.

குனிந்தேன். முதல் மூட்டை முதுகில் ஏறியது. சட்டைப் பையில் போன் அதிர்ந்த மாதிரி இருந்தது. அந்தக் காட்டில் டவர் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. இரண்டு கையும் மூட்டையைப் பிடித்திருந்தன.